ரஜாய்க்குள்ளே டெல்லி!

செமஸ்டர் முடிஞ்சு லீவு விட்டாச்சா? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் ஸ்கூல் டூரிலேயே பார்த்தாச்சா? அப்படின்னா இந்த முறை ஜனவரி டெல்லிக்கு டிக்கெட் போடுங்க பாஸ். ஆனா, ஹோட்டலைத் தேடாதீங்க. ஒரு வீட்டைத் தேடுங்க!

'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்'... பேரிலேயே மேட்டர் இருக்கு. படுக்க ஒரு ரூம், காலையில டிபன். 2010 காமன்வெல்த் போட்டிக்கு வர்றவங்களுக்கு ஹோட்டல் ரூம் பத்தாதேன்னு, டெல்லி அரசு 2007-லேயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 6 ரூம். கோல்டு, சில்வர்னு ரெண்டு கிரேடு. முக்கியமா, ஓனர் அதே வீட்டில் குடியிருக்கணும்.

இந்தக் கடைசி விதிதான் விஷயமே. எப்படின்னு கேளுங்க.

நாங்க மூணு பேர் தங்கினது லஜ்பத் நகரில். 1947 பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவங்களைக் குடியமர்த்திய ஏரியா. காலையில் சேர வேண்டிய எங்க ரயில், மூடுபனியில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பதினொண்ணரை. சால்வையைப் போர்த்திக்கிட்டு கேட்டிலேயே நின்னாங்க வீட்டுக்கார ஆன்ட்டி. முதல் கேள்வி, 'சாப்பிட்டீங்களா?' ஐடி கார்டு எல்லாம் அதுக்கப்புறம்தான்!

டெல்லியில் ஜனவரி ராத்திரிகளில் சராசரியா 7, 8 டிகிரி. 1935 ஜனவரியில் மைனஸ் 0.6 வரைக்கும் போயிருக்கு. ஃபேன் இல்லாம தூங்கத் தெரியாத நம்ம உடம்புக்கு இது அநியாயம். காப்பாத்துறது ரஜாய். பஞ்சு அடைச்ச கனமான மெத்தைப் போர்வை. பஞ்சுக்கு நடுவே சிக்கின காற்று அசையாது. அதனால உடம்புச் சூடு வெளியே ஓடாது. தெர்மல் பேப்பரில் அரியர் வெச்சவனுக்கும் இது ஒரே ராத்திரியில் புரிஞ்சிடும்!

தெருமுனையில் வாட்ச்மேன் தாத்தா 'அங்கீட்டி'யில் குளிர் காய்வார். கரி அடுப்பு. "அதே மாதிரி ஒண்ணு ரூமுக்குள்ள வெச்சுக்கலாமா?"ன்னு எங்க செட்டில் ஒருத்தன் கேட்க, அதுவரை சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்த அங்கிள் முகமே மாறிடுச்சு. காரணம் இருக்கு. மூடின ரூமில் கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியா ஒட்டிக்கும். தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோம். ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்தியாவில் இப்படிச் சாவுச் செய்திகள் வருது. அங்கிள் பேசாம மாடிக்குப் போய், இன்னொரு ரஜாயைத் தூக்கிட்டு வந்தார். ராத்திரி ஒரு தடவை கதவைத் தட்டி, 'ஓகேவா?'ன்னு கேட்டுட்டும் போனார். ஹோட்டலில் ரூம் சர்வீஸ் கிடைக்கும். இது கிடைக்குமா?

காலையில் சுடச்சுட முள்ளங்கி பராத்தா, மேலே வெண்ணெய், இஞ்சி டீ. பதினொரு மணிக்கு வெயில் வந்ததும் மொத்தக் குடும்பமும் மொட்டை மாடிக்கு வந்துடும். கின்னோ ஆரஞ்சு, வேர்க்கடலை, அரட்டை. எல்லாரும் 'பீஜி'ன்னு கூப்பிடுற பாட்டி, அஞ்சு வயசில் லாகூரிலிருந்து வந்தவங்க. "விட்டுட்டு வந்த வீட்டோட சாவி ரொம்ப நாள் அம்மாகிட்ட இருந்துச்சு"ன்னாங்க. பேரப் பசங்க கனடாவில். அவங்க ரூமில்தான் நாங்க!

சாந்தினி சவுக்கை மிஸ் பண்ணிடாதீங்க. 'தௌலத் கி சாட்'னு பால் நுரையில் ஒரு இனிப்பு. குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். வாயில் வெச்சதும் காணாம போயிடும்!

கிளம்புறதுக்கு முன்னாடி சில டிப்ஸ்: பதிவு செஞ்ச வீடுதானான்னு பாருங்க. ஹீட்டருக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் உண்டா, கீசர் இருக்கா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவாங்கன்னு முன்கூட்டியே கேளுங்க. புகை ஒத்துக்காதவங்க மாஸ்க் எடுத்துக்கோங்க. ராத்திரி லேட்டானா ஒரு போன் போடுங்க.

ஏன்னா, அங்கே உங்களுக்காக ஒருத்தர் தூங்காம இருப்பாங்க!