அகலக்கால் வைக்கும் முன்

வேலை கிடைத்த வருஷமே வீடும் காரும் தவணையில் வாங்கத் துடிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு கம்பெனியின் வரலாற்றைச் சொல்கிறேன்.

சூரத்தில் துணித் தொழில் நடத்திவந்தவர் துளசி தந்தி. மின்கட்டணம் கட்டி மாளாமல் இரண்டு காற்றாலைகளை வாங்கினார். அந்த அனுபவத்தில் 1995-இல் காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார். 2005-இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 2006-இல் பெல்ஜியத்தின் ஹான்சன் நிறுவனத்தை வாங்கியது. 2007-இல் ஜெர்மனியின் ரீபவரைக் கைப்பற்றியது. இந்த வேகத்துக்குப் பெரும் கடன் தேவைப்பட்டது.

2008-இல் உலக நிதி நெருக்கடி வந்தது. காற்றாலை நிறுவுகிறவர்களும் வங்கிக் கடனை நம்பியே நிறுவுகிறார்கள். வங்கிகள் கையை இறுக்கியதும் ஆர்டர்கள் குறைந்தன. அதே ஆண்டு, அமெரிக்காவில் நிறுவிய காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் கண்டு, அவற்றைச் சரிசெய்யவும் பணம் கரைந்தது.

இதைவிடப் பெரிய அடி கடன் பத்திரங்களால் வந்தது. 2007-இல் வெளிநாட்டில் டாலரில் திரட்டிய கடன் அது. பங்கு விலை ஏறினால், கடன் கொடுத்தவர்கள் பணத்துக்குப் பதில் பங்குகளை எடுத்துக்கொள்வார்கள். ஏறாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும். விலை படுத்துவிட்டது. கடன் வாங்கியபோது சுமார் 40 ரூபாயாக இருந்த டாலர், 2012-இல் 50 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் சுமார் 20 கோடி டாலரைக் கட்ட முடியாமல் சுஸ்லான் தவறியது. ஆசையாக வாங்கிய ஜெர்மன் நிறுவனத்தையே 2015-இல் விற்றது. 2020-இல் அதன் பங்கு விலை 2 ரூபாய்க்கும் கீழே போனது.

இத்தனை ஆண்டுகளும் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. ஊருக்கு மின்சாரமும் தேவைப்பட்டது. தொழில் நல்ல தொழில். தலைவரும் தொலைநோக்கு உள்ளவர். ஆனால் நாளைக்கு வரும் என்று நம்பிய பணத்தை இன்றே செலவழித்துவிட்டார்கள். வருமானம் தள்ளிப்போகலாம், தவணைத் தேதி தள்ளிப்போகாது.

பின்னர் கடனைக் குறைத்து, 2023-இல் புதிய பங்குகள் வெளியிட்டு, நிறுவனம் நிமிர்ந்தது. அதைப் பார்க்கத் துளசி தந்தி இல்லை, 2022-இல் காலமாகிவிட்டார்.

பிள்ளைகளே, வேகமாக வளருங்கள், பெரிதாகவே ஆசைப்படுங்கள். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் அந்த ஆறு மாதத்துக்கான பணத்தைச் சேர்த்து வையுங்கள்.