எட்டுப் பேரில் ஐவர்

2014 அக்டோபர் 30 சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணியில் ராமேசுவரம் பேருந்துகள் கிளம்பாமல் நின்றன. ஹெராயின் கடத்திய வழக்கில் நம் மீனவர் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்திருந்தது. 2011 நவம்பரில் பிடிபட்டவர்கள். தங்கச்சிமடத்தில் பேருந்து எரிகிறது, தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

"ராமநாதபுரம் வரைக்கும்தான். அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார் நடத்துநர். பாம்பனில் அக்கா குடும்பம், போன் எடுக்கவில்லை. ஏறிவிட்டேன்.

பக்கத்தில் மதுரையில் கருவாடு விற்றுத் திரும்பும் அம்மா. காலிக் கூடையை மடியிலேயே வைத்திருந்தார். "வலையோட போன பிள்ளைங்க தம்பி. நேவிக்காரன் சொன்னா அதான் சாட்சியா?" மானாமதுரை தாண்டும்வரை இதையே விதவிதமாகக் கேட்டார். பரமக்குடியில் போலீஸ் வேன்கள் எங்களை முந்திப் போனதும் பேச்சை நிறுத்திவிட்டார். அன்றிரவு ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த நாட்களில் டெல்லி வேகம் காட்டியது. தூதரகம் மேல்முறையீட்டுக்கு ஏற்பாடு செய்தது. பிரதமர் மோடி அன்றைய இலங்கை அதிபர் ராஜபக்சேவிடம் தொலைபேசியில் பேசினார். நவம்பர் 19 அன்று ஐவருக்கும் மன்னிப்பு. அக்கா போனில் அழுதுகொண்டே சிரித்தாள்.

மச்சான் அவளிடமிருந்து போனை வாங்கினார். அவரும் கடலுக்குப் போகிறவர். "அந்தக் கரைக்காரங்க மூணு பேருக்கும் சேத்துத்தானே மாப்ள தூக்கு? அவங்களுக்கு யாரு போன் பண்ணுவா?"

அதே தீர்ப்பில் தண்டிக்கப்பட்ட இலங்கையர் மூவரைச் சொன்னார். மதுரையில் நான் பார்த்த எந்தச் சுவரொட்டியிலும் அவர்கள் இல்லை.

இலங்கை 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிட்டதில்லை. இந்தியாவோ 2012 நவம்பரில் ஒருவரையும் 2013 பிப்ரவரியில் ஒருவரையும் தூக்கிலிட்டிருந்தது. ஐவர் வீடு திரும்பிய மறுமாதமே, மரண தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபைக்கு வந்தது. 117 நாடுகள் ஆதரித்தன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. கொழும்பில் கேட்ட கருணையை நியூயார்க்கில் நாம் யாருக்கும் தரவில்லை.

ஐந்து உயிர் தப்பியதில் எனக்கு இன்றும் நிறைவுதான். ஆனால் கயிறு இறங்குவதும் இறங்காததும் கைதிக்காகப் பேச ஒரு பிரதமர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது என்றால், அந்தத் தண்டனை எந்த நாட்டுச் சட்டத்திலும் இருக்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டத்திலும்தான்.