பென்னாகரத்தில் கிடைத்த பழைய கணக்கு



தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் பேருந்து பென்னாகரத்தில் நிற்கும்போது, சன்னல் வழியே அவ்வூரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அருவி காணும் ஆவலில் இறங்கியிருக்க மாட்டீர்கள். நாற்பது வயதுவரை நானும் அப்படித்தான் கடந்து சென்றேன். அது என் பாட்டனாரின் ஊர் என்று அறிந்திருந்தும்!

எங்கள் குடும்பத்தில் ஒரு பெருமைக் கதை உண்டு. 1791-இல் கர்னல் மாக்ஸ்வெல்லின் கும்பினிப் படை பென்னாகரம் கோட்டையைத் தாக்கியபோது, அதனைக் காத்து நின்ற திப்பு சுல்தானின் வீரர்களுள் எம் முன்னோர் ஒருவரும் இருந்தார் என்பதே அது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் சீமை கும்பினியார் வசமாயிற்று. கேப்டன் ரீடும், அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து வரி விதித்தனர். பிற்காலத்தில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறை உருப்பெற்றது இங்கேதான்.

அந்த வீரரின் சுவடு தேடியே சென்ற ஆண்டு பென்னாகரத்தில் இறங்கினேன். கபரஸ்தானின் மீஸான் கற்கள் பெரும்பாலானவற்றில் எழுத்தே இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னபடி பத்திர நகல் தேடினேன். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முந்திய பத்திரங்களைத் தேடுவோர் சேலம் ஜில்லா என்றே தேட வேண்டும்.

கிடைத்தது வீரரின் பெயரன்று. 1956-இல் என் பாட்டனார் மூன்று ஏக்கர் பிதுரார்ஜித நிலத்தை விற்ற கிரயப் பத்திரம்! தோல் வியாபாரத்திற்காக அவர் வாணியம்பாடிக்குக் குடிபெயர்ந்த ஆண்டு அது. தம்மை ஏக வாரிசு என்று எழுதியிருந்தார்.

ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தார் என்று கூறி, அவருடைய மகளின் வீட்டுக்கு அப்பெரியவர் என்னை அழைத்துச் சென்றார். எண்பது கடந்த மூதாட்டி. நான் இன்னாருடைய பேரன் என்றதும் உற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா கண் மூடுற வரைக்கும் அண்ணன் கடுதாசி வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, தம்பி" என்றார். நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டார்.

மதரஸாவில் ஆண்டுதோறும் பாகப்பிரிவினைப் பாடம் நடத்துபவன் நான். மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மூன்று ஏக்கரில் ஓர் ஏக்கர் அந்தத் தங்கையுடையது. கரும்பலகையில் எத்தனையோ முறை போட்ட கணக்கு, அன்று சோற்றை விழுங்கவிடவில்லை.

"பாட்டனார் செய்ததற்கு நாமா பொறுப்பு?" என்றான் என் தம்பி. நீதிமன்றமும் அப்படியே சொல்லக்கூடும். ஆனால் இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே அவர் சொத்து வாரிசுகளுக்கு ஆகும் என்றல்லவா பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம்? என்னால் இயன்றதை மாதந்தோறும் அனுப்பத் தொடங்கினேன். "பணம் வேணாம், பெருநாளைக்கு வந்துட்டுப் போங்க" என்றார் அவர். இரண்டையும் செய்கிறேன். இவ்வாண்டு தம்பியும் உடன் வந்தான்.

அன்பர்களே! உறவைப் பேணுவது நம் கடமை. உறவினர் யாரென்று அறியாமல் அதனை எங்ஙனம் நிறைவேற்றுவது? நீங்களும் உங்கள் பூர்வீகத்தைத் தேடுங்கள். பெருமை கிடைத்தால் மகிழுங்கள். கடன் கிடைத்தால் தீருங்கள்.