பிடுங்கிப் பார்த்த நாட்கள்

20.8.2023, ஞாயிறு, புதுவயல்

ஆலைக்கு லீவு. எடைமேடை அறையை எனக்கு விட்டுவிட்டார்கள். நெல் லாரிகளை நிறுக்க இங்கே ஓடுவது நான் எழுதிய மென்பொருள். அதை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க வந்திருக்கிறேன். மேடையில் லாரி நிற்கும்போதே எடைக்கருவியின் கேபிளைப் பிடுங்கினேன். திரையில் 18,460 கிலோ. லாரியை இறக்கச் சொன்னேன். லாரி போய்விட்டது, எடை போகவில்லை. கேபிள் என் கையில் இருக்க, 18,460 அப்படியே நிற்கிறது. வயிற்றைப் பிசைந்தது.

21.8.2023, திங்கள்

கடைசியாக எடை வந்து இரண்டு விநாடி தாண்டினால் திரை வெறுமையாக வேண்டும் என்று மாற்றினேன். ராத்திரி செய்தியில் ரஷ்யாவின் லூனா-25 விண்கலம். 84 விநாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 விநாடி எரிந்ததாம். நிலவில் மோதிவிட்டது.

22.8.2023, செவ்வாய்

வேலை முடிந்ததும் மெயினை அணைத்து அணைத்துப் போட்டேன். “ஓடுறதைப் போட்டு ஏன் தம்பி இப்படிக் கெடுக்கிறீங்க?” என்றார் கணக்குப்பிள்ளை.

“கரண்டு எப்ப போகும்னு நம்மளைக் கேட்டா போகுது, அண்ணே? நாமளே அணைச்சுப் பாத்துடணும்.”

நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் ‘கேயாஸ் மங்கி’ என்று ஒரு நிரலே வைத்திருக்கிறார்கள். வேலை நேரத்திலேயே தங்கள் சர்வர்களை அது அணைத்துப் பார்க்கும்.

இருபத்து மூன்றாவது தடவை மாட்டியது. காலி எடையைச் சேமிக்கும் நொடியில் கரண்டு போனால், திரும்பி வந்ததும் முந்தைய லாரியின் காலி எடை சீட்டில் ஏறிவிடுகிறது. 310 கிலோ குறைவு. நாலு மூட்டைக்கு மேல் ஒரு சம்சாரியின் நெல்! நின்றுபோயிருந்தால்கூட யாராவது கேட்டிருப்பார்கள். இது சீட்டை அழகாக அச்சடித்துக் கொடுத்தது. சீட்டை யார் சந்தேகப்படுவார்கள்? விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தேன்.

23.8.2023, புதன்

ஆலை ஆபீஸ் டிவி முன்னால் லோடுமேன்கள், டிரைவர்கள், எல்லோரும். 6.04க்கு சந்திரயான்-3இன் லேண்டர் விக்ரம் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் கைதட்டல் இன்னும் கூடியது. 2019 செப்டம்பர் 7-இல் சந்திரயான்-2இன் லேண்டர் விழுந்த பிறகு, எதெது கெடும் என்பதிலிருந்தே இதை வடிவமைத்தார்கள். சென்சார்கள் எல்லாம் போனாலும், இரண்டு எஞ்சின் நின்றாலும் இறங்கும் என்று இஸ்ரோ தலைவர் சோம்நாத் இந்த மாதமே சொல்லியிருந்தார். கெடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

கூட்டம் கலைந்ததும் எடைமேடைக்குப் போய்க் கேபிளைப் பிடுங்கினேன். எண் மறைந்து, ‘எடை வரவில்லை’ என்று சிவப்பில் வந்தது. கணக்குப்பிள்ளை அண்ணனைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே இன்னொரு தடவை பிடுங்கச் சொன்னேன்.