வேலை போன ஊருக்கு வேலையோடு

ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை ஒன்பதரைக்குக் கூட்டம் தொடங்கும்போது இங்கே நண்பகல் பன்னிரண்டு. காலைப் பொழுது முழுக்க எனக்கே சொந்தம்.

இணையவழி வேலை பார்க்கும் வெளிநாட்டவர் தங்குவதற்காக மலேசியா 2022இல் கொண்டுவந்த 'டிஇ ரந்தாவ்' அனுமதியில் வந்திருந்தேன். கணினித் துறையினர் ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலருக்கு மேல் வருமானம் காட்டினால் போதும். பழைய நகரில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை கிடைத்தது. கீழே இறங்கினால் வெள்ளைக் காப்பி. கொட்டையை மார்ஜரினில் வறுத்து, கெட்டிப் பால் விட்டுக் கலக்குகிறார்கள். கூட்டங்களின்போது கொறிக்கப் பக்கத்துப் புந்தோங் பகுதியிலிருந்து கச்சாங் பூத்தே. முறுக்கும் கடலையும் பட்டாணியும் சேர்ந்த இந்தத் தீனியை அங்கே தொழிலாக வளர்த்தவர்கள் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

அறை வாடகை சென்னையில் நான் கொடுத்ததைவிடக் குறைவு. ஜன்னலைத் திறந்தால் நூற்றாண்டுக் கட்டடங்கள். அழகும் மலிவும் ஒரே ஊரில் சேர்ந்து கிடைத்தால், அங்கிருந்து போனது எது என்று விசாரிக்க வேண்டும். ஈப்போவிலிருந்து போனது ஈயம். கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்து 1917இல் முடிந்த ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்கள், ஊரைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கின் ஈயப் பணம் எழுப்பியவை. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின, இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இடித்துக் கட்டும் அவசரம் யாருக்கும் இல்லாததால் கடைவீடுகள் தப்பின. அவற்றில்தான் இன்று என்னைப் போன்றவர்கள் மடிக்கணினியை விரிக்கிறோம்.

தைப்பிங் வட்டார ஈயம் கப்பலேறிய துறையைப் பார்க்க ஒரு ஞாயிறு அந்த ஊர் வழியாகக் கோலா செபத்தாங் போனேன். அந்நாளில் அதன் பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைக்கு 1885 ஜூன் 1இல் ஓடத் தொடங்கியதுதான் இந்நாட்டின் முதல் ரயில். நீளம் சுமார் 13 கிலோமீட்டர். பாதை போட்டது இலங்கையிலிருந்து வரவழைத்த தொழிலாளர் படை. இப்போது தண்டவாளம் இல்லை, ரயிலும் இல்லை. மீன்பிடிப் படகுகளும், அலையாத்தி மரத்தைக் கரியாக்கும் சூளைகளும் இருக்கின்றன. கடைகளுக்கு நடுவே பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது: ஆங்கிலம், ஜாவி எழுத்தில் மலாய், சீனம், தமிழ். ஆளில்லாத ஊரில் யாரும் தமிழில் பலகை எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்தத் தமிழர்களில் பெரும்பாலோரை இந்தப் பேராக் மாநிலத்துக்கு இழுத்து வந்தது ரப்பர். கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு கிழ ரப்பர் மரம் வேலிக்குள் நிற்கிறது. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழிவந்தது. 1877இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ நட்டவற்றில் எஞ்சியது என்கிறார்கள். அதன் பின்னால் வந்த ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினார்கள். நான் வருமானம் காட்டி இறங்கிய மண்ணில், அவர்களில் பலர் முன்பணக் கடனோடு இறங்கினார்கள்.

பத்து காஜா அருகே உள்ள கெல்லிஸ் கோட்டைக்குப் போகிறவர்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலையும் பார்க்க வேண்டும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை 1915 வாக்கில் மாளிகை எழுப்பத் தொடங்கினார். வேலையாட்களைக் கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கேட்டார்கள், துரை கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர் உருவத்தையும் தொப்பியோடு கோயில் கூரைமேல் வைத்தார்கள். அவர் 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது, கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரக் காடுகள் இருந்த இடங்களில் இப்போது செம்பனை, இல்லாவிட்டால் வீடமைப்பு. அப்படியொரு தாமானில், முன்பு பால் வெட்டிய ஓர் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நின்றது, கிராணி என்ற கணக்கர் பெயர் கூப்பிட்டது, மழை வந்தால் பாலும் சம்பளமும் போனது எல்லாம் சொன்னார். "வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்து வீடு. தோட்டத்த வித்தாங்க, ரெண்டும் ஒண்ணாப் போச்சு" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்: "உன் வீடு கம்பெனி குடுத்ததா, தம்பி?"

"இல்லம்மா, வாடகை."

"அதுவே நல்லது. வேலை போனாலும் வீடு போவாது."

மலேயாவின் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் துரை விற்றதைப் பால் வெட்டியவரும் சேர்ந்து வாங்க முடியும் என்று காட்டியது.

எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று என் துறையில் பெருமையாகச் சொல்வோம். அப்படியானால் அந்த வேலையை எங்கிருக்கும் யாருக்கும் கொடுத்துவிடலாம். ஈயத்துக்கும் ரப்பருக்கும் நடந்தது எனக்கு நடக்காது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: கூட்டாக நிற்க வேண்டும் என்பது அந்தத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 1960லேயே புரிந்துவிட்டது. தனித்தனி மாடியறைகளில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இன்னும் சங்கம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.