கறுப்பு சாக்லெட்டும் காரீயமும்!

கசப்பாக இருந்தால் உடம்புக்கு நல்லது - பாகற்காய் காலத்திலிருந்து நான் நம்பி வந்த தத்துவம் இது. அதனால்தான் 2022-ல் ஆபீஸ் வேலையாக கலிஃபோர்னியாவுக்குக் குடித்தனம் போனதும், எண்பத்தைந்து சதவிகித கறுப்பு சாக்லெட்டாக வாங்கிக் குவித்தேன். இதயத்துக்கு நல்லதாம். இரும்புச் சத்தாம்! தினம் ராத்திரி எனக்கு நாலு துண்டு, மனைவிக்கு நாலு துண்டு. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாசம்.

டிசம்பரில் ஒருநாள் பக்கத்து சீட்காரர், "சார், உங்க ஃபேவரைட் ஐட்டம் நியூஸ்ல வந்திருக்கு" என்றார் குஷியாக.

'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 28 கறுப்பு சாக்லெட்டுகளைப் பரிசோதித்திருந்தது. அத்தனையிலும் காரீயமும் காட்மியமும்! கலிஃபோர்னியா கணக்குப்படி காரீயம் ஒரு நாளைக்கு 0.5 மைக்ரோகிராம், காட்மியம் 4.1 மைக்ரோகிராம். 23 சாக்லெட்டுகளில், தினம் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தின்றாலே ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டிவிடும். எங்கள் நாலு துண்டு கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

காட்மியத்தை கொக்கோ மரமே மண்ணிலிருந்து வேர் வழியாக உறிஞ்சிக் கொட்டையில் சேர்த்து வைக்கிறது. காரீயம் வேறு ரூட். அறுவடையான பிறகு ஈரக் கொட்டைகளை வெளியில் காயப்போடுகிறார்கள் இல்லையா, அப்போது தூசியோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. மொட்டைமாடியில் வடாம் காய்கிற கதைதான். கொக்கோ ஏற ஏற இந்தச் சமாசாரமும் ஏறும். நான் கேவலமாகப் பார்த்த பால் சாக்லெட்டில் கம்மி!

இதுவரை சிரித்துக்கொண்டுதான் படித்தேன். காட்மியம் சிறுநீரகத்தில் டேரா போட்டால் பத்து, இருபது வருஷத்துக்குக் கிளம்பாதாம். சரி, போகட்டும். காரீயம் எலும்பில் தங்கும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்... டிபன் டப்பாவை மூடிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றவளுக்கு, 'சாப்பிடும்மா, சத்து' என்று ஊட்டியது இந்தக் கைதானே?

டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிசல்ட் வர இரண்டு நாள். அந்த இரண்டு ராத்திரியும் நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாள் - நான் விஷயத்தை முழுசாகச் சொல்லவில்லை.

"பயப்படும்படி ஒண்ணுமில்லை. கலிஃபோர்னியா அளவு ரொம்பக் கறார். எப்போதாவது ஒரு துண்டு பரவாயில்லை, தினசரி வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் இந்த உலோகங்களை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். இரும்புச் சத்துக்கு மாத்திரையும் கீரையும் எழுதினார்.

ஊரிலிருந்து அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "ஈயச் சொம்பு ரசம் குடிச்சு வளந்தவன்டா நீ! உனக்கு என்ன ஆச்சு?"

"அது வெள்ளீயம்மா. இது காரீயம். வேற சாதி!"

மிச்சம் ஆறு பாக்கெட். ஒவ்வொன்றும் நாலு டாலர். ஆபீஸ் பான்ட்ரியில் வைத்துவிட்டு நல்ல பேர் வாங்கலாம் என்று பையில் எடுத்து வைத்தேன்.

"அந்த ஆபீஸ்ல மாசமா இருக்கறவ யாருமே இல்லையாக்கும்?" என்றாள் மனைவி.

பையைப் பிரித்து, ஆறையும் குப்பைத் தொட்டியில் போட்டேன். சரி, ஐந்தரை.