அடி அண்ணாமலையில் மணி வாங்கலாம், வாருங்கள்!

திருவண்ணாமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 217 அடி ராஜகோபுரத்தைப் பற்றிச் சொல்வார்கள். பௌர்ணமிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள். 14 கிலோ மீட்டர் நடந்து கால் வீங்கிய கதையும் வரும். வழியில் அடி அண்ணாமலை என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறதே, அங்கே கொஞ்சம் நின்றீர்களா என்றால் மட்டும், "அது எங்கே இருக்கு?" என்பார்கள்!

கிழக்கே பெரிய கோயில் என்றால், மேற்கே, மலையின் முதுகுப் பக்கம் இருப்பது அடி அண்ணாமலை. எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்களைக் கும்பிட்டபடியே நடக்கிறோம் அல்லவா? அதில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கம் வருவதற்குள் இந்த ஊர் வந்துவிடும். இங்கே ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிறது. பிரம்மா வழிபட்ட இடம் என்பது ஐதீகம். பெரிய கோயிலின் நெரிசல் இல்லாமல், நிதானமாக நின்று கும்பிடலாம். பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் உண்டு. மார்கழி விடியலில் நம் பெண்கள் பாடுகிறார்களே திருவெம்பாவை, அதை அவர் பாடியது திருவண்ணாமலையில். அதுவும் இந்த அடி அண்ணாமலையில்தான் என்பது ஊர் வழக்கு.

சாமி கும்பிட்டாயிற்று. இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அது மணிக் கடைகள்.

கிரிவலப் பாதை நெடுக ருத்ராட்சமும் ஸ்படிகமும் விற்கிறார்கள். ஆனால் நடந்து களைத்துப் பாதி வழியில் உட்காருகிற இடத்தில்தான் ஆற அமரப் பார்க்க முடிகிறது. தரையில் சாக்கு விரித்துப் பாசிமணி, ஊசிமணி பரப்பியிருப்பவர்கள் ஒரு ரகம். தள்ளுவண்டியில் மாலைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவது, தாங்களே உட்கார்ந்து கோத்து விற்பவர்கள். துளசி மணி, தாமரை மணி, சந்தன மணி, பவழம், கருமணி, கலர் கண்ணாடி மணி என்று சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு வைத்திருப்பார்கள். அறுந்த மாலையைக் கொடுத்தால் அங்கேயே கோத்தும் தருவார்கள். கியர் வயர், கொக்கி, வளையம், திருகு போன்ற சாமான்கள் ஏராளமாக வேண்டுமென்றால் டவுனுக்கு வந்து, பெரிய கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் விசாரிக்க வேண்டும். மணியைக் கையில் எடுத்துப் பார்த்து, நாலு வார்த்தை பேசி வாங்க இந்தச் சின்னக் கடைகளே சௌகரியம்.

மணி வாங்கும்போது ஏமாற்றம் இரண்டு வகையில் வரும். ஒன்றில் போவது பணம். அது போனால் போகிறது. இன்னொன்று குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது. இரண்டிலிருந்தும் நம்மைக் காப்பாற்றுவது நல்ல கடைக்காரர்தான். யார் நல்ல கடைக்காரர்? கண்ணாடியைக் கண்ணாடி என்று வாய் திறந்து சொல்கிறவர்.

பெரிய மரத்தடியில் ஓர் ஆயா கோத்துக்கொண்டிருந்தார். பளபளவென்று ஒரு மாலையை எடுத்து, "ஆயா, இது ஸ்படிகமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, அது கண்ணாடி. ஸ்படிகம் அந்த டப்பாவுல இருக்குது. வெலய கேட்டா நீயே வெச்சிட்டுப் போயிடுவ!" என்று சிரித்தார்.

எனக்கு அங்கேயே உட்காரத் தோன்றிவிட்டது. உட்கார்ந்து தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ருத்ராட்சம். இது ஒரு மரத்தின் பழக்கொட்டை. நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நிறைய வருகிறது. பழம் நல்ல நீல நிறமாக இருக்கும். சதையை நீக்கினால் உள்ளே மேடு பள்ளமாக இந்தக் கொட்டை. மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளைத்தான் முகம் என்கிறோம். ஐந்து முகம்தான் மரத்தில் சாதாரணமாகக் காய்ப்பது. அதனால் அது மலிவு, அதில் போலியும் குறைவு. ஒரு முகம், பதினான்கு முகம் என்று அபூர்வமானவற்றுக்குத்தான் விலை ஏறும். விலை ஏறுகிற இடத்தில்தான் வேலைப்பாடும் நடக்கும்! கோட்டைப் புதிதாகச் செதுக்குவார்கள், இரண்டு கொட்டைகளை ஒட்டுவார்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் செதுக்கிய கோடு மழமழவென்று நேராகப் போவது தெரிந்துவிடும். இயற்கைக் கோடு கொஞ்சம் கோணலாக, கரடுமுரடாகவே இருக்கும். தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்பதை நம்பாதீர்கள். நன்றாகக் காய்ந்த அசலும் மிதக்கும், கனமான போலியும் மூழ்கும். இரண்டு செப்புக் காசுக்கு நடுவில் வைத்தால் சுற்றும் என்பதும் இப்படித்தான். விலை அதிகமுள்ள கொட்டையை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுண்டு. எத்தனை முகமோ, பொதுவாக உள்ளே அத்தனை அறைகள் தெரியும். நம் மாதிரிக் குடும்பங்களுக்கு ஐந்து முகம் போதும், எக்ஸ்ரேயும் வேண்டாம்!

அடுத்தது ஸ்படிகம். இது பூமியிலிருந்து எடுக்கிற படிகக் கல். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். கண்ணாடியும் முதலில் ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் சீக்கிரம் சூடாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மணிக்குள் உருண்டையான காற்றுக் குமிழ் தெரியலாம். ஸ்படிகத்துக்குள் மெல்லிய பாளமோ, பஞ்சு போன்ற மங்கலோ இருக்கும். நூற்றெட்டு மணியும் குறையே இல்லாமல் ஒரே மாதிரி மின்னி, விலையும் மலிவாக இருந்தால் யோசிக்க வேண்டியதுதான். ஸ்படிகம் போட்டால் உடம்புச் சூடு தணியும் என்று பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்வார்கள். நம்பிக்கை இருக்கட்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பவழம் கடலில் விளைவது, சுண்ணாம்புச் சத்துள்ளது. எலுமிச்சைச் சாறும் புளியும் பட்டால் பாழாகிவிடும். சமையலறையில் கழற்றி வைத்துவிடுங்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இளம் தாய்மார்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

நான் அங்கே இருந்தபோது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். சிவப்பும் கறுப்புமாக மின்னிய குன்றிமணிச் சரத்தைக் கேட்டாள். ஆயா குழந்தையைப் பார்த்தார். சரத்தை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டார்.

"கொழந்த இருக்குற வூட்டுக்கு இது ஆவாது கண்ணு. புள்ளையார் கண்ணுக்கு வெக்கிறதுன்னாகூட, எண்ணி வெச்சு எண்ணி எடுத்துடணும். வேற பாரு."

கிடைத்த வியாபாரத்தைக் கைவிட்டார் அந்த ஆயா. ஏன் தெரியுமா? குன்றிமணி அத்தனையும் விஷம். அதில் உள்ள அப்ரின் என்ற விஷம் மிகக் கொஞ்சமே போதும். ஒரே ஒரு விதையை நன்றாக மென்று விழுங்கினாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. முழுதாக விழுங்கினால் கெட்டியான தோல் காரணமாகச் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் மாலைக்காக ஓட்டை போட்ட விதையில் அந்தத் தோல் காவல் போய்விடுகிறதே! அதனால் கோத்த குன்றிமணி இன்னும் மோசம். வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்தோ, ஓரிரண்டு நாள் கழித்தோகூடத் தெரியலாம். "நல்லாத்தானே விளையாடுறான்" என்று காத்திருக்கக் கூடாது. வாயில் போட்டான் என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மீதி விதையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோம் அல்லவா? அந்த இரண்டு மணி மறுநாள் எங்கே என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

விஷமில்லாத மணியிலும் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கிற வீட்டில், ஒன்றேகால் அங்குல வட்டத்துக்குள் நுழைகிற எந்தச் சாமானும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியதுதான். கழுத்துக் கயிறும் பாசிமாலையும் குழந்தை தூங்கும்போது வேண்டவே வேண்டாம். டவுன் ஃபேன்சி கடைகளில் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் ஜெல் மணியும், ஒன்றோடொன்று ஒட்டும் காந்த மணியும் விற்கிறார்கள். முன்னது வயிற்றுக்குள் போயும் ஊதும், குடலை அடைக்கும். பின்னது இரண்டு மூன்று உள்ளே போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். இவை இரண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அப்படியானால் எதை வாங்கலாம்? தாராளமாகக் கண்ணாடி மணி வாங்குங்கள்! "வெறும் கண்ணாடி" என்று முகம் சுளிக்க வேண்டாம். இங்கிருந்து சுமார் நூறு கிலோ மீட்டரில், புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மறுபடி சூடு காட்டி முனை மழுக்குவது அந்த முறை. இப்படி இழுத்துச் செய்த மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. ஆந்திராவில் காளஹஸ்திப் பக்கம் பாப்பநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஏறக்குறைய இதே முறையில் மணி இழுத்தார்கள். இன்று கடைகளுக்கு வரும் கண்ணாடி மணி பெரும்பாலும் வடக்கே உத்தரப் பிரதேசப் பட்டறைகளிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறது. கண்ணாடி மணி என்பது நம் மண்ணின் பழைய கைத்தொழில். அதற்குப் பொய்ப் பெயர் தேவையே இல்லை.

சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர் பெண்களையும் தாண்டிப் போய்விடாதீர்கள். வாக்ரிபோலி என்ற தங்கள் மொழியில் பேசியபடி, கண் பார்க்காமலேயே பாசி கோக்கும் அந்த விரல்களின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பல ஆண்டுகள் கேட்ட பிறகு, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தால் நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். படிப்பு, உத்தியோகம் என்று அதன் பலன் பிள்ளைகளுக்குச் சேரட்டும். அதுவரை இந்தப் பாசிதான் பலருக்குச் சோறு. பெரிய நகைக்கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, இங்கே வந்து பத்து ரூபாய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுவது நமக்கு அழகில்லை.

வாங்கி வந்து வீட்டிலேயே கோக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 6 மில்லி மீட்டர் மணி நூற்றெட்டு கோத்தால் சுமார் 65 சென்டி மீட்டர் வரும். 8 மில்லி மீட்டர் என்றால் 86 சென்டி மீட்டர். தலைமணியும் முடிச்சும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் நீளும். மணிக்கு மணி முடிச்சுப் போடுவதானால் மாலையைப் போல மூன்று மடங்கு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்ட மாலை அறுந்தால் ஒரு மணிதான் விழும். முடிச்சில்லாதது அறுந்தால் வீடு முழுக்க உருண்டு ஓடும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. ஓட்டை சன்னமாக இருக்கிறதா, நூல் இரட்டையாக நுழையுமா என்று கடையிலேயே கோத்துப் பார்த்து வாங்குங்கள்.

பௌர்ணமியன்று மணி வாங்கப் போகாதீர்கள். கூட்டத்தில் எதையும் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. சாதாரண நாளில், தார் ரோடு சுடுவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். பெரிய கோயிலிலிருந்து ஆட்டோ வரும். சென்னைக்காரர்களுக்கு பஸ் நிறைய உண்டு. கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயிலையும் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள்.

கடையில் முதல் கேள்வியாக விலையைக் கேட்காதீர்கள். "இது என்ன மணி?" என்று கேளுங்கள். "கண்ணாடிதாம்மா" என்று தயங்காமல் பதில் வந்தால், அங்கேயே உட்கார்ந்து, வேண்டியதை எல்லாம் அவரிடமே வாங்குங்கள். அவர் ருத்ராட்சம் என்று சொல்லிக் கொடுப்பதையும் நம்பி வாங்கலாம்.